மூன்று மூலையில் மூன்று கூட்டம்: பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 7 வயது முடிகிறது, அபார்ட்மென்ட் ஹாலில் விழா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அபார்ட்மென்ட் பிள்ளைகள், சொந்தக்காரப் பிள்ளைகள் என்று சுமார் 20 பேர் வருவார்கள். வயது 4 முதல் 11 வரை. அபார்ட்மென்ட் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் இந்தி, சிலருக்கு மலையாளம். போன வருடம் மூன்று கூட்டமும் மூன்று மூலையில் உட்கார்ந்துவிட்டது, இரண்டு பேர் கேக் வெட்டும் வரை அம்மா மடியை விட்டு இறங்கவே இல்லை, நாலைந்து பேர் போனுக்குள் போய்விட்டார்கள். இந்த முறை நல்ல ஐஸ்பிரேக்கர் விளையாட்டுகளாகச் சொல்லுங்கள், ஒரு ஆங்கரை வைக்கலாமா என்றும் சொல்லுங்கள் என்கிறார்.

விளையாட்டுப் பட்டியல் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. உங்கள் சிக்கல் பட்டியல் இல்லாதது அல்ல. ஏற்கெனவே தங்களுக்குள் கூட்டு சேர்ந்திருக்கும் மூன்று கும்பலை எப்படிக் கலைத்துப் போடுவது என்பதுதான் உங்கள் கேள்வி. ஒருவரையொருவர் சுத்தமாகத் தெரியாத 20 பிள்ளைகளைச் சேர்ப்பது இதைவிட எளிது. அங்கே எல்லோரும் தனி ஆள், எல்லோருக்கும் ஒரு துணை தேவை. உங்கள் ஹாலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்கெனவே இரண்டு மூன்று துணை இருக்கிறது. புதுப் பிள்ளையிடம் போய்ப் பேச வேண்டிய அவசியமே இல்லை. நான் குழந்தைகளுக்கான நாடகப் பட்டறைகளும் கோடை முகாம்களும் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். ஒவ்வொரு முகாமிலும் முதல் நாள் காலை இதே சிக்கல்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பிள்ளைகளை முதலில் பேச வைக்கப் பார்க்காதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள், உடம்பை அசைய விடுங்கள். பெயரும் பேச்சும் அதன் பின்னால் வரும்.

முதலில் விளையாட்டு தொடங்குவதற்கு முந்தைய நேரத்தைக் கவனியுங்கள். அழைப்பில் 5.30 என்று போட்டால் முதல் குடும்பம் 5.45-க்கு வரும், கடைசிக் குடும்பம் 6.45-க்கு வரும். இந்த ஒரு மணி நேரத்தில்தான் மூலைகள் உருவாகின்றன. வாசலில் பரிசை வாங்கி வைத்துவிட்டு "உள்ளே போய் விளையாடு கண்ணா" என்று அனுப்பினால் அந்தப் பிள்ளை வெறும் ஹாலுக்குள் நுழைகிறது. தெரிந்த முகத்தைத் தேடும், இல்லையென்றால் அம்மாவிடம் திரும்பும். அதனால் வரும் பிள்ளைக்கு உடனே ஒரு வேலை இருக்க வேண்டும். நான் செய்வது இது: நாலைந்து சார்ட் பேப்பரை ஒட்டி நீளமாக்கி, பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் சுவரில் பதித்துவிடுவேன். அதில் ஒரு ரயிலை மட்டும் கோட்டோவியமாக வரைந்திருப்பேன், ஜன்னல்கள் காலியாக இருக்கும். வருகிற பிள்ளை ஒரு ஜன்னலைப் பிடித்துத் தன் முகத்தை வரைந்து, கீழே பெயரை எழுத வேண்டும். எழுதத் தெரியாத குட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணனோ அக்காவோ எழுதிக் கொடுக்கலாம். கிரேயான் டப்பாவை ஒன்றே ஒன்றுதான் வைக்க வேண்டும், அதுவும் நடுவில். "அந்தச் சிவப்பைக் குடு" என்பதுதான் பெரும்பாலும் முதல் வாக்கியமாக இருக்கும். யாரும் யாரையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை, எல்லோரும் சுவரைப் பார்த்தபடி தோளோடு தோள் நிற்கிறார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு அதைவிட வசதியான நிலை இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் கூடும் விதங்களை வகை பிரித்தார். தனியாக விளையாடுவது, நின்று வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைச் செய்வது, சாமான்களைப் பகிர்ந்துகொள்வது, கடைசியாக ஒரே நோக்கத்தோடு சேர்ந்து ஆடுவது. இவை வயதோடு ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள் என்று ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது அவ்வளவு கறாரானது இல்லை என்றுதான் இப்போது கருதுகிறார்கள், 10 வயதுப் பிள்ளையும் புது இடத்தில் முதலில் வேடிக்கைதான் பார்க்கும். ஆனால் புது இடத்தில் பிள்ளைகள் ஏறக்குறைய இதே வரிசையில் நெருங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நம் விழாக்களில் முதல் நான்கையும் தாண்டிக் குதித்து நேராக ஐந்தாவதில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

மைக்கைக் கையில் கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்வதும் அந்த வகைதான். "உன் பேர் என்ன, என்ன கிளாஸ், பெரியவனாகி என்னவாகப் போறே?" மூன்றாவது பிள்ளைக்குள் குரல் தேய்ந்து காற்று மட்டும் வரும். பிற்பாடு எந்தப் பெயரும் யாருக்கும் நினைவிருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு பிள்ளையும் தன் முறை வரும் பயத்தில் மற்றவர் சொன்னதைக் கேட்டிருக்காது. முந்தின எல்லோருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லித் தன் பெயரைச் சேர்க்கும் விளையாட்டையும் பலர் சொல்வார்கள். 8 பேருக்கு அது நன்றாக இருக்கும். 20 பேருக்கு நினைவாற்றல் பரீட்சை ஆகிவிடும். பெயர் தெரிய வேண்டுமென்றால் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் போதும்.

ஏழெட்டுப் பேர் ரயிலில் ஏறிய பிறகு முதல் விளையாட்டைத் தொடங்கிவிடுங்கள், எல்லோரும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பின்னால் வருகிறவர்கள் நடுவில் நுழையக்கூடிய விளையாட்டாக இருந்தால் போதும். எனக்குப் பிடித்தது இடம் மாறும் விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார, ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு பழைய நியூஸ்பேப்பர் தாள். நடுவில் நிற்பவருக்குத் தாள் கிடையாது. அவர் "பல் விழுந்தவங்கல்லாம் மாறுங்க" என்று கத்த வேண்டும். முன்பல் இல்லாதவர்கள் எழுந்து வேறு தாளுக்கு ஓட வேண்டும், நடுவில் இருப்பவரும் ஒரு இடத்தைப் பிடிப்பார், இடம் கிடைக்காதவர் அடுத்து நடுவில். 7 வயது விழாவில் இந்தப் பல் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதிப் பேருக்கு வாயில் ஓட்டை இருக்கும். ஓடி முடித்ததும் "எனக்கு ரெண்டு விழுந்துடுச்சு, உனக்கு?" என்று ஒருவர் வாயை ஒருவர் பார்க்கத் தொடங்குவார்கள். அபார்ட்மென்ட் பிள்ளைக்கும் அத்தை மகனுக்கும் பொதுவாக ஒன்று இருப்பது பெரியவர்கள் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. கத்தரிக்காய் பிடிக்காதவர்கள், வீட்டில் தம்பி தங்கை தொல்லை தாங்காதவர்கள், இன்று ரயிலில் மீசை வரைந்தவர்கள் என்று அடுத்தடுத்து எடுத்துக் கொடுங்கள். கேள்வி யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். அப்பா வாங்கிக் கொடுத்தது, வெளிநாடு போனது, மதிப்பெண் இதெல்லாம் வேண்டாம்.

அடுத்து, கூட்டத்தை உடைக்கும் வேலை. இரண்டு டீமாகப் பிரியுங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டால் பழைய கூட்டம் அப்படியே டீமாகிவிடும். ராஜா மந்திரி விளையாட்டுக்கு எழுதுவதுபோல் சீட்டு எழுதுங்கள். 20 பேர் என்றால் 5 மிருகம், ஒவ்வொன்றுக்கும் 4 சீட்டு: ஆடு, மாடு, நாய், பூனை, சேவல். சின்னவர்களுக்காகப் படமாக வரையுங்கள். சீட்டைப் பார்த்துவிட்டு யாரிடமும் காட்டாமல், பேசாமல், அந்த மிருகத்தின் சத்தம் மட்டும் போட்டுத் தன் இனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நிமிடம் ஹால் சந்தைக்கடை ஆகிவிடும், ஆனால் முடியும்போது நாலு நாலு பேராகக் கலந்து நிற்பார்கள். மொழி ஒரு தடையே இல்லை என்பது இதில் பெரிய வசதி.

மொழி கலந்த பிள்ளைகள் என்றால் எனக்கு சிகாகோதான் நினைவுக்கு வரும். 1920-களில் அங்கே ஹல் ஹவுஸ் என்ற சமூகநல நிலையத்தில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் வரும் இடத்தில், நேவா பாய்ட் என்ற பெண்மணி விளையாட்டின் வழியே குழுக்களை நடத்தப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின்தான் பிற்பாடு நாடக விளையாட்டுகளை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். உலகம் முழுக்க நாடகப் பயிற்சியில் இன்றும் ஆடுகிற கண்ணாடி விளையாட்டு அவர் பயன்படுத்தியதுதான். இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மெதுவாகப் பல் தேய்ப்பார், தலை சீவுவார், மற்றவர் கண்ணாடிபோல் அப்படியே செய்ய வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வார்த்தை தேவையில்லை. தமிழ் பேசும் பிள்ளையும் இந்தி பேசும் பிள்ளையும் ஒரு நிமிடம் முழுக்க ஒருவர் முகத்தையே ஒருவர் பார்க்கிறார்கள், அதுவும் கூச்சம் இல்லாமல்.

இப்போது அந்த நாலு பேர் குழுக்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். மாதக் காலண்டர் படங்கள் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு துண்டாக வெட்டிக் கவரில் போட்டு ஒரு குழுவுக்கு ஒன்று. ஒவ்வொரு கவரிலும் இரண்டு துண்டை மட்டும் அடுத்த குழுவின் கவரில் மாற்றிப் போட்டுவிடுங்கள். சேர்த்துக்கொண்டே போகும்போது மயிலின் கழுத்து காணாமல் போகும், கையில் சம்பந்தமே இல்லாத படகுத் துண்டு இருக்கும். எழுந்து போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதைப் போட்டியாக்காதீர்கள், "ஐந்து படமும் முடிந்தால்தான் கேக்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 1954-இல் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 11 வயதுவாக்கில் உள்ள 22 பையன்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் போட்டி வைத்தார். கொஞ்ச நாளில் ஒரு கூட்டம் மற்றதன் கொடியை எரிக்கும் அளவுக்குப் போனது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வைத்துப் பார்த்தார்கள், சாப்பாட்டைத்தான் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். தண்ணீர் வராமல் போனபோது எல்லோரும் சேர்ந்து கோளாறைத் தேடியது, நின்றுபோன லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தது போன்ற பொது வேலைகளுக்குப் பிறகுதான் பகை குறைந்தது. இந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், ஆனால் இதை வேதமாக எடுத்துக்கொள்ள முடியாது. பையன்கள் மட்டும், அதுவும் ஒரே மாதிரிப் பின்னணி, நடத்தியவர்களே பகையைத் தூண்டியும் விட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் நியூயார்க் மாநிலத்தில் அவரே நடத்திய இன்னொரு முகாமில் பிள்ளைகள் முதலில் கலந்து பழகிய பிறகு பிரிக்கப்பட்டார்கள். அங்கே எவ்வளவு தூண்டியும் சண்டை மூளவில்லை, ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. உங்கள் இரண்டு மணி நேர விழாவுக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: கலக்கும் விளையாட்டு முதலில், போட்டி பிறகு, அல்லது போட்டியே வேண்டாம்.

போட்டி என்றதும் மியூசிக்கல் சேர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது மோசமான விளையாட்டு என்று சொல்ல மாட்டேன், நேரம் தப்பு. முதலில் வெளியேறுவது எப்போதும் 4 வயதுக் குட்டியோ கூச்சமுள்ள பிள்ளையோதான். யாருக்கு அதிகமாக விளையாட வேண்டுமோ அவரே சுவரோரம் நின்று பத்து நிமிடம் வேடிக்கை பார்க்கிறார், பதினோராவது நிமிடம் அப்பாவின் போன் கைக்கு வருகிறது. ஆளை எடுக்காமல் இடத்தை மட்டும் எடுங்கள். நாற்காலிக்குப் பதிலாக நியூஸ்பேப்பரைத் தீவாக விரித்து, பாட்டு நிற்கும்போது எல்லோரும் எப்படியாவது தாளுக்குள் நிற்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தாள்கள் குறையும். கடைசியில் 20 பேரும் இரண்டு தாளில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். பாட்டு நிற்கும்போது பொட்டலம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஆட வேண்டும், பாட வேண்டும் என்று தண்டனை வைக்கிறோமே, அதிலும் "எல்லோரும் சேர்ந்து தவளைபோல் குதியுங்கள்" என்று மாற்றிவிட்டால் யாரும் பொட்டலத்தைப் பாம்புபோல் தூக்கி எறிய மாட்டார்கள்.

நம் பழைய விளையாட்டுகளில் இந்த நுணுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பூப்பறிக்க வருகிறோம் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை எதிரெதிரே கைகோத்து நின்று பாட்டிலேயே கேள்வி பதில் பரிமாறி, எதிர் வரிசையில் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். இரண்டு பேர் கோட்டுக்கு இருபுறமும் நின்று இழுக்கிறார்கள். தோற்றவர் வெளியே போவதில்லை, ஜெயித்த பக்கம் சேர்ந்துகொள்கிறார். ஆட்டம் போகப் போக வரிசைகள் கலந்துகொண்டே இருக்கும், பெயரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெரிந்துவிடும். அபார்ட்மென்ட்டில் இந்தப் பாட்டு தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள், பாட்டியோ சித்தியோ முன்னால் நின்று பாடட்டும். இழுக்கும்போது மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள், 4 வயதுப் பிள்ளையை 11 வயதுப் பிள்ளையுடன் ஜோடி போடாதீர்கள். குலை குலையா முந்திரிக்காவும் நல்லதே, ஆனால் சும்மா விட்டால் துணியைத் தன் நண்பனுக்குப் பின்னால் மட்டுமே போடுவார்கள். ஒரே மிருகச் சீட்டு உள்ளவர் பின்னால் போடக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தால் சரியாகிவிடும். டைல்ஸ் தரை என்றால் சாக்ஸைக் கழற்றச் சொல்லிவிடுங்கள். வட்டத்தில் திரும்பும்போதுதான் வழுக்கி விழுவார்கள்.

10, 11 வயதுக்காரர்கள் இதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று முகம் சுளிப்பார்கள். அவர்களை ஆட அழைக்காதீர்கள், வேலைக்கு அழையுங்கள். ஒருவர் பாட்டைப் போட்டு நிறுத்தட்டும், ஒருவர் நடுவர், ஒருவர் புகைப்படம். இரண்டாவது சுற்றில் அவர்களே உள்ளே வந்துவிடுவார்கள். 4 வயதுக்காரர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் விதிக்குக் கட்டுப்பட்டு நிற்க மாட்டார்கள். ஒரு ஓரத்தில் பாய் விரித்து அட்டைப்பெட்டிகளும் பாத்திரங்களும் போட்டு வையுங்கள், வேண்டும்போது போய் வரட்டும்.

அம்மா மடியில் இருக்கும் அந்த இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்ல முடியும். புதியவர்களைக் கண்டால் ஒதுங்கும் சுபாவம் சில பிள்ளைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரியத் தொடங்குகிறது என்று ஹார்வர்டில் ஜெரோம் கேகன் பல வருடம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னார். அது வளர்ப்பின் குறை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை மெல்லத் தள்ளிவிட வேண்டுமா, அதன் போக்கில் விட வேண்டுமா என்பதற்கு எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் பதில் கிடையாது. நான் கைக்கொள்வது: இரண்டு முறை அழைப்பேன், மூன்றாவது முறை அழைக்க மாட்டேன். மடியிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலை கொடுப்பேன், சீட்டுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வதுபோல. பார்த்துக்கொண்டிருப்பதும் பங்கெடுப்பதுதான். "ஏன் இப்படி வெட்கப்படறே, போ" என்று பெரியவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்வதால் மட்டும் எந்த நன்மையும் வந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் கலகலவென்று பேசும் பிள்ளை பள்ளியில் மட்டும் ஒரு மாதத்துக்கும் மேலாக வாயே திறக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். புதிதாகப் பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் குழந்தை உளவியல் நிபுணரிடம் காட்டுங்கள். அது விளையாட்டால் தீரும் விஷயம் அல்ல.

விளையாட்டை எல்லாம் கேக்குக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், மொத்தம் 45 நிமிடம் போதும். கேக் சாப்பிட்டால் சர்க்கரை ஏறி ஆட்டம் போடுவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி 1995-இல் வந்த அலசலில் சர்க்கரைக்கும் பிள்ளைகளின் துடுக்குத்தனத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. கேக்குக்குப் பிறகு சாப்பாடு, போட்டோ, கிளம்புவது என்று பெரியவர்கள் அவசரம் தொடங்கிவிடும், அதுதான் காரணம். பலூன் உடைக்கும் விளையாட்டு வைத்தால் உடைந்த துண்டுகளை உடனே பொறுக்க ஒருவரை நிறுத்துங்கள். 8 வயதுக்குக் கீழே பலூன் துண்டு தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு என்று பாக்கெட்டுகளிலேயே எச்சரிக்கை இருக்கும். எரியும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் ஸ்நோ ஸ்பிரே அடிக்கவே கூடாது. அதில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும்.

ஆங்கர் வைக்கலாமா என்றால், வைக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள். அவுட் ஆகும் விளையாட்டு கேக்குக்கு முன் வேண்டாம். மைக்கைப் பிள்ளைகள் வாயருகே நீட்ட வேண்டாம். இதற்கு ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் உங்களுக்கு வேலை மிச்சம். கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு தரையில் உட்காரத் தயாராக இருக்கும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ போதும், ஸ்பீக்கர்கூட வேண்டாம். சீட்டுகளையும் காலண்டர் துண்டுகளையும் முந்தின நாள் இரவே நறுக்கி வைத்துவிடுங்கள். நாலைந்து சீட்டு கூடுதலாகவே எழுதுங்கள், சொல்லாமல் வரும் பிள்ளைகள் எந்த விழாவிலும் உண்டு.